தூவானம் என்றால் காற்றில் அடிக்கும் மழையா, மழை விட்ட பின் மிஞ்சும் தூறலா?

ஈரக்காற்று:
நேற்று வேறொரு இழையில் கார்முகில் போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "சன்னல் வழியே காற்றில் அடித்து உள்ளே வருவது சாரல். அதைத் தூவானம் என்பது பிழை. மழை ஓய்ந்தபின் விழும் மிச்சத் தூறல்தான் தூவானம்." அதற்குப் பதினேழு பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தூவு, வானம் இரண்டும் சேர்ந்தது தூவானம். இங்கே வானம் என்பது ஆகாயம் இல்லை, மழை. குறளில் 'வான்சிறப்பு' அதிகாரம் பாடுவது ஆகாயத்தையா, மழையையா? ஆக, தூவப்படும் மழை. தூவுவது யார்? காற்று. காற்று அடிக்காமல் தூவானம் கிடையாது. இதில் 'மிச்சம்' எங்கிருந்து வந்தது?

கார்முகில்:
என் பெயரைப் போட்டு ஒரு தனி இழையே தொடங்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஒரே ஒரு கேள்வி. "மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்ற பழமொழி உங்கள் காதில் விழுந்திருக்கிறதா? மழைதான் விட்டுவிட்டதே. அப்புறம் காற்று எதைத் தூவுகிறது?

ஈரக்காற்று:
விழுந்திருக்கிறது, நீங்கள் பிறப்பதற்கு முன்பே. பழமொழி அகராதி ஆகாது. பெரிய தொல்லை தீர்ந்தும் அதை ஒட்டி வந்த சின்னத் தொல்லை தீரவில்லை என்று சொல்ல வந்த உவமை அது. மழை நின்றாலும் மரத்திலும் கூரையிலும் தங்கிய நீரைக் காற்று உதறிக்கொண்டே இருக்கும். அதைத்தான் தூவானம் விடவில்லை என்கிறார்கள். அங்கேயும் காற்றுதான் வேலை செய்கிறது, கவனியுங்கள்.

கார்முகில்:
முதல் பதிவில் தூவானம் 'தூவப்படும் மழை'. அடுத்த பதிவில் மரத்தில் சொட்டும் தண்ணீர். மூன்றாவது பதிவில் என்ன ஆகும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மழை விட்ட பிறகு எது விடவில்லை?

முல்லைக்கொடி:
நான் ஈரக்காற்று ஐயா பக்கம். வள்ளுவரே "துப்பாய தூஉம் மழை" என்று எழுதியிருக்கிறார். தூஉம் மழை என்றால் தூவும் மழை. இரண்டாயிரம் வருடத்துச் சான்று இருக்கும்போது பழமொழி எதற்கு?

சொல்லேர்:
அம்மா, அந்தக் குறளை விட்டுவிடுங்கள். அது 'தூஉம் மழை' இல்லை. 'துப்பாயதூஉம்' என்ற ஒரே சொல் சீருக்காக உடைந்து நிற்கிறது. துப்பு என்றால் உணவு. உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்துத் தந்து, தானும் உணவாக ஆவது மழை என்பது பொருள். 15ஆம் குறளில் 'கெடுப்பதூஉம்', 'எடுப்பதூஉம்' என்று வருகிறதே, ஓசை இனிமைக்காக எழுத்து நீண்டு ஒலிக்கும் அதே இன்னிசை அளபெடைதான் இங்கேயும். தூவலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முல்லைக்கொடி:
தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'விட்டுவிடுங்கள்' என்று அதட்டுவது எதற்கு? இந்தக் குழுவில் பெண்கள் எழுதினால் மட்டும் எல்லோருக்கும் இலக்கணம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

சொல்லேர்:
யார் எழுதினாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அளபெடைக்கு ஆண் பெண் தெரியாது.

கார்முகில்:
குறளும் கைகொடுக்கவில்லை. மழை விட்ட பிறகு எது விடவில்லை?

பனையோலை:
இலங்கையில் நாங்கள் "தூவானம் அடிக்குது, யன்னலைச் சாத்துங்கோ" என்றுதான் சொல்லுவம். மழை கொட்டிக்கொண்டு இருக்கும்போதே சொல்லுவம். மலையாளத்திலும் காற்றோடு திண்ணைக்குள் அடிக்கிற மழை தூவானம்தான். ஈரக்காற்று ஐயா சொல்வது சரி.

கார்முகில்:
அது வட்டார வழக்கு. அங்கே அப்படிப் பேசுகிறீர்கள் என்பதற்காக இங்கே பழமொழியின் பொருள் மாறிவிடாது.

பனையோலை:
தம்பி, 'அங்கே', 'இங்கே' என்று கோடு கிழித்தது யார்? நீங்கள் பேசினால் தமிழ், நாங்கள் பேசினால் வட்டார வழக்கோ? ஒவ்வொரு இழையிலும் இதைத்தான் கேட்கிறோம். ஒருத்தரும் பதில் சொல்வதில்லை.

கார்முகில்:
நான் அப்படிச் சொல்லவில்லை. பொருளைப் பேசுவோம்.

ஈரக்காற்று:
அப்படித்தான் சொன்னீர்கள், மேலே எழுத்தில் இருக்கிறது. சரி, பொருளைப் பேசுவோம் என்கிறீர்கள், பேசுவோம். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் 'சாரல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பாட்டில் சாரல் என்றால் மலைச்சரிவு. குறுந்தொகை 3ஆம் பாட்டில் "சாரல் கருங்கோற் குறிஞ்சிப்பூ" என்று வருகிறது. அங்கே மழை எங்கே இருக்கிறது? குறிஞ்சித் தலைவனை 'சாரல் நாட' என்று கூப்பிடுகிறார்களே, அவன் என்ன தூறல் நாட்டுக்காரனா? மலைச்சரிவில் மேகம் வந்து மோதிப் பூப்போல விழும் மழைக்கு அந்த இடத்தின் பெயரே ஆகிவந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் 'சாரல்' என்கிறார்களே, அதுதான் அந்த மழை. மலையும் இல்லாமல் சரிவும் இல்லாமல் மாடி வீட்டுச் சன்னலில் அடிப்பதைச் சாரல் என்பது பிற்பாடு வந்த வழக்கம். வந்தது தப்பில்லை. நானும் "சாரல் அடிக்கிறது, துணியை எடு" என்று சொல்கிறவன்தான். ஆனால் பின்னால் வந்த சொல்லை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பொருளைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் தூவானத்தைப் பிழை என்று வெளியே தள்ளுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தூவு என்ற வினை கண்ணுக்கு நேரே நிற்கிறது. பூத்தூவுகிறோம், விதை தூவுகிறோம், பொடி தூவுகிறோம். தூவுகிறபோது பொருள் சிதறிப் பரவுகிறது. நேராக விழுவது தூறல், சிதறி அடிப்பது தூவானம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கார்முகில்:
அருமையான பாடம். குறிஞ்சி, குற்றாலம், பூ, விதை எல்லாம் வந்துவிட்டன. என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. மழை விட்ட பிறகு எது விடவில்லை?

துளிக்கணக்கு:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விஷயம். பெரிய மழைத்துளி 5 மி.மீ. அளவில் இருந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழும். அரை மி.மீ. துளி வினாடிக்கு 2 மீட்டர்தான். வானிலைக் கணக்கில் அந்த அரை மி.மீட்டருக்குக் கீழே இருப்பதுதான் தூறல். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் பெரியது இரண்டு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். சின்னதுக்கு எட்டு நிமிடம் ஆகும். அதனால் கடைசியில் மிஞ்சுவதும் பொடித்துளிதான், காற்று எளிதாகப் பக்கவாட்டில் தள்ளுவதும் பொடித்துளிதான். நீங்கள் இருவரும் ஒரே துளியைத்தான் சொல்கிறீர்கள்.

கார்முகில்:
மிஞ்சுவது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

ஈரக்காற்று:
காற்று தள்ளுவது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

துளிக்கணக்கு:
நான் யாருக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. சொல்லுக்கு அளவு வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே வராது என்கிறேன். வானிலை ஆய்வுத் துறையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4க்கு மேல் போனால் அதி கனமழை. எந்தக் குழப்பமும் இல்லை.

சொல்லேர்:
அந்தக் 'கனமழை'யே ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல். மழைக்கு ஏது கனம்? அடைமழை என்ற நல்ல சொல் இருக்கும்போது தொலைக்காட்சிக்காரர்கள் கொண்டுவந்த சரக்கு.

முல்லைக்கொடி:
"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று ஊரெல்லாம் சொல்வது எந்தத் தொலைக்காட்சியில் வந்தது, சொல்லேர் ஐயா? அடைமழை என்றால் விடாமல் அடைத்துப் பெய்வது. அது எத்தனை நேரம் பெய்தது என்பதைப் பற்றியது, எவ்வளவு பெய்தது என்பதைப் பற்றியது இல்லை. மூன்று நாள் அடைத்துக்கொண்டு மெல்லப் பெய்தாலும் அடைமழைதான். அரை மணியில் தெருவை முழுக அடித்துவிட்டுப் போனால் அது அடைமழை ஆகாது. இதையும் விட்டுவிடட்டுமா?

சொல்லேர்:
பழமொழியில் இருந்தால் மட்டும் பழைய சொல் ஆகிவிடாது.

கார்முகில்:
பழமொழியைத் தொடாதீர்கள். இந்த இழையில் சான்று என்று இருப்பது அது ஒன்றுதான்.

வேலியோரம்:
தெற்கே நாங்கள் 'தூத்தல் போடுது' என்போம். தூறலும் அதுவும் ஒன்றா, வேறா?

சொல்லேர்:
தூற்றல் என்பதன் பேச்சு வடிவம். அகராதியில் உண்டு.

வேலியோரம்:
தூற்றல் என்றால் பழி பேசுவது இல்லையா?

சொல்லேர்:
அதுவும்தான். களத்தில் நெல்லைத் தூற்றுவதும் அதே சொல்தான்.

ஈரக்காற்று:
வேலியோரம் எனக்கு ஒரு நல்ல சாட்சி கொடுத்துவிட்டார். நெல்லைத் தூற்றும்போது என்ன நடக்கிறது? காற்று பார்த்துத்தானே தூற்றுகிறோம்? பதரைக் காற்று கொண்டுபோகிறது. தூற்று, தூவு எல்லாவற்றிலும் காற்று உள்ளே இருக்கிறது. இந்த மொழியில் மழைக்குப் பெயர் வைத்தவன் வெளியே நின்று நனைந்துதான் வைத்திருக்கிறான். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து ஒரு பழமொழியைப் பிடித்துக்கொண்டு வைக்கவில்லை.

கார்முகில்:
அப்படியானால் தூறலிலும் காற்று இருக்க வேண்டும். நீங்களோ 'நேராக விழுவது தூறல்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தூத்தலில் காற்று உண்டு, தூறலில் காற்று இல்லையா? முப்பது வருட மெய்ப்பில் இது தப்பிவிட்டதே.

ஈரக்காற்று:
என் வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். 'அருகாமை' இழையில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 'ஆமை' எதிர்மறை விகுதி, அதனால் அருகாமை என்றால் அருகில் இல்லாமை என்று எடுத்துக்காட்டினேன். பதில் சொல்ல முடியாமல் இரண்டு மாதம் காணாமல் போனவர் நீங்கள்.

கார்முகில்:
காணாமல் போகவில்லை. வேலை இருந்தது. அதோடு, எல்லோரும் 'பக்கத்தில்' என்ற பொருளில் பேசும் சொல்லைப் பிழை என்றது அங்கே நீங்கள். இங்கே எல்லோரும் பேசுகிறார்கள் என்று தூவானத்துக்கு வாதாடுவதும் நீங்கள். எது உங்கள் கொள்கை?

பனையோலை:
எங்கட வழக்கைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

ஈரக்காற்று:
பனையோலை, உங்களுக்கு நான் இருக்கிறேன். கார்முகில், கொள்கை ஒன்றுதான். சொல்லைப் பிரித்துப் பார், உள்ளே என்ன இருக்கிறதோ அதுவே பொருள். அருகாமையில் 'ஆமை' இருக்கிறது. தூவானத்தில் 'தூவு' இருக்கிறது. 'மிச்சம்' என்ற எழுத்து எந்த மூலையில் இருக்கிறது, காட்டுங்கள். காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கார்முகில்:
நான் காட்டுவது இருக்கட்டும். மழை விட்டது. எது விடவில்லை?