பறவை எழும்பியதும் பாயும் பாயிண்டர்: அனுப்பும்வரை நிற்க வைப்பது எப்படி?

புல்வெளிக்காரன்:
ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் (பறவை இருக்கிற இடத்தை நின்று காட்டும் வேட்டைநாய்), பெண், 14 மாசம். மோப்பம் பிடித்ததும் சிலை மாதிரி நிற்கிறாள். பறவையைக் கிளப்ப நான் முன்னால் போனால், சிறகடிக்கும் சத்தம் கேட்ட நொடியே பாய்ச்சல்தான். "வோ" (நிற்கச் சொல்லும் ஆங்கிலச் சொல்) என்று கத்தினால் நாலில் ஒரு தடவை கேட்கிறாள். வீட்டுத் தோட்டத்தில் அதே சொல்லுக்கு ஐந்து நிமிஷம் அசையமாட்டாள். நாவ்டா (வட அமெரிக்க வேட்டைநாய் சங்கம்) நடத்தும் யூட்டிலிட்டி தேர்வுக்குப் பறவை எழும்பி, சுட்டு, விழுந்த பிறகும் நிற்க வேண்டும். ஈ-காலர் (ரிமோட்டில் மின்னதிர்வு தரும் பட்டை) போட்டு முடித்துவிடலாமா? அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப்பறவை) வேட்டை சீசன் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது, அதற்குள் ஆகுமா?

நீளக்கயிறு:
முதலில் சொல்லை மாற்றுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: வோ, போ, நோ மூன்றும் நாயின் காதுக்கு ஒரே ஓசை. "நில்" நல்ல சொல், வேறு எதோடும் குழம்பாது. அனுப்புவதற்குச் சொல்லே வேண்டாம், தலையில் ஒரு தட்டு போதும். "ஓகே" கூடவே கூடாது, அது போனில் பேசும்போதும் வாயில் வரும்.

தோட்டத்தில் நிற்பது சொல்லுக்காக. வயலில் சொல் காதில் ஏறாது, உடம்பில் பதிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் முளை. தரையோடு தரையாக ஒரு முளை அடித்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். கயிறு அங்கிருந்து வந்து, பின்னங்காலுக்கு முன்னால் இடுப்பை ஒரு சுற்று சுற்றி, முதுகு வழியாகக் காலரில் மாட்ட வேண்டும். காலரிலிருந்து இன்னொரு கயிறு உங்கள் கையில். நீங்கள் எதிரே நின்று மெதுவாக இழுத்தால் இடுப்பு இறுகும், அவள் நிற்பாள். நின்ற கணத்திலேயே தளர்த்துங்கள். பாடம் அந்தத் தளர்வில்தான் இருக்கிறது, பலர் தளர்த்த மறந்துவிடுகிறார்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், இரண்டு வாரம். பிறகு சுற்றி நடங்கள், புல்லை உதையுங்கள், தொப்பியை எறியுங்கள், கடைசியில் புறா.

இதெல்லாம் ஆன பிறகுதான் ஈ-காலர், அதுவும் கழுத்தில் அல்ல, இடுப்பில். அவள் உணரும் மிகக் குறைந்த அளவு போதும், ஏற்கெனவே கயிறு சொன்னதையே அது திரும்பச் சொல்லும். பறவையை மோப்பம் பிடித்து நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் வலியைப் பறவையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். அப்புறம் பறவை இருக்கிற பக்கமே போகாமல் ஒதுங்குவாள், அதைத் திருத்துவது பாய்ச்சலைத் திருத்துவதைவிடப் பெரிய பாடு.

புறாப்பெட்டி:
நீளக்கயிறு சொன்னது அஸ்திவாரம். பாய்ச்சலை நிறுத்துவது பறவையேதான். ரிமோட் லாஞ்சரில் (பொத்தானை அழுத்தினால் பறவையை மேலே எறிந்துவிடும் பெட்டி) புறாவை வைத்து, காற்றுக்குக் குறுக்கே நாயைக் கொண்டுவாருங்கள். வாசனை பிடிக்கும் இடத்துக்கும் லாஞ்சருக்கும் 12–15 மீட்டராவது இருக்கட்டும். கழுத்தில் 9 மீட்டர் கயிறு, நுனியில் முடிச்சு இருக்கக் கூடாது, புதரில் மாட்டும். அவள் நின்றபின் ஓரடி வைத்தாலும் புறா பறக்கட்டும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். நெருங்கினால் பறவை போய்விடும் என்பதை அவளே கண்டுபிடிப்பாள். பாய்ந்தால் கயிற்றைப் பிடித்து, தூக்கிக்கொண்டு வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நிறுத்துங்கள். அந்தப் பறவைக்குத் துப்பாக்கிச் சத்தம் கிடையாது.

லாஞ்சரை மூக்கருகே வெடிக்க விட்டால் இரும்புச் சத்தத்துக்கே மிரண்டுவிடுவாள். இன்னொன்று, சில நாய்கள் புறாவை விட்டுவிட்டு லாஞ்சரின் வாசனையைத் தேடக் கற்றுக்கொள்ளும். காலி லாஞ்சர் இரண்டை அங்கங்கே போட்டு வையுங்கள். வீடு திரும்பும் புறா என்றால் அதே பறவையை அடுத்த வாரமும் பயன்படுத்தலாம்.

ஸ்பேனியல்_வீடு:
இங்கே பிரிட்டனில் ஸ்பேனியலை (பறவையைக் கிளப்பும் வேட்டைநாய்) நிற்கவிடாமல் உட்கார வைப்போம், ஆனால் நோய் ஒன்றுதான். வேல்ஸில் 2010 முதல் ஈ-காலர் தடை, அது இல்லாமலும் வேலை நடக்கிறது. விழுவதையெல்லாம் நாயை எடுக்கவிடுவதுதான் பாய்ச்சலுக்கு வேர். பத்து டம்மி (பறவைக்குப் பதில் எறியும் பொம்மை) எறிந்தால் ஏழு டம்மியை நீங்களே நடந்துபோய் எடுங்கள். விழுந்தது தனக்குத்தான் என்ற நிச்சயம் போனால் பாதி அவசரம் போய்விடும். இன்னொன்று, நாயைப் பழக்குகிறவர் சுடக் கூடாது. துப்பாக்கி வேறொருவர் கையில், உங்கள் கண் நாய்மேல் மட்டும்.

புல்வெளிக்காரன்:
நன்றி அண்ணன்மாரே. புறா இருந்த இடத்தில் இருக்கும். ஃபெசன்ட் ஓடுகிறதே, அப்போது அவள் நகர்ந்தால் அதுவும் தவறா?

நீளக்கயிறு:
இல்லை தம்பி. பறவை நடந்து விலகினால் வாசனை மெலியும், அப்போது விலாவில் தொட்டு முன்னே விடுங்கள், மறுபடி பிடித்து நிற்பாள். பறவை கண்ணில் பட்டபிறகு வைக்கும் அடிதான் தவறு. நிற்கிறவளிடம் "நில், நில்" என்று ஓதிக்கொண்டே இருந்தால் உங்கள் குரல் இல்லாமல் நிற்கமாட்டாள்.

அக்டோபர் பற்றி: முதல் சில நாள் அவள் நின்ற பறவைக்கு மட்டும் சுடுங்கள், பாய்ந்து கிளப்பினது சேவலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அங்கே சேவல் மட்டும்தான் சுடலாம், அதனால் பெட்டை எழும்புவதெல்லாம் இலவசப் பயிற்சி. தாழப் பறப்பதற்கு மட்டும் யாரும் துப்பாக்கிக் குழலைத் தூக்க வேண்டாம். எகிறும் நாயின் தலையும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.