வீட்டு மெயில் சர்வர்: ரிலே வழியாக அனுப்பினால் 530 பிழை வருகிறது

கேள்வி (கல்லிடைக்குறிச்சி):
வணக்கம். எங்கள் வீட்டில் அப்பளம் போட்டு விற்கிறோம். ஆர்டர் வந்ததும் பில்லை மெயிலில் அனுப்ப, ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சின்னக் கணினியில் டெபியன் இயங்குதளமும், மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளும் போட்டிருக்கிறேன். முதலில் நேரடியாக அனுப்பிப் பார்த்தேன். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் வாசலான 25-ஆம் போர்ட்டை இணையம் தருபவர்கள் அடைத்து வைத்திருப்பதால் ஒன்றுகூடப் போகவில்லை. சரி என்று ஜிமெயிலை ரிலேயாக (என் மெயிலை வாங்கி மேலே அனுப்பும் இடைச் சர்வராக) வைத்து 587-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன். இப்போது இணைப்பு கிடைக்கிறது, ஆனால் ‘530 5.7.0 ஆத்தென்டிகேஷன் ரிக்வயர்டு’ (அடையாளச் சரிபார்ப்பு தேவை) என்று மெயில் திரும்பிவிடுகிறது. நேற்று மட்டும் ஆறு பில் போகவில்லை. அம்மா ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் (தென்காசி):
ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தீர்களா? இதற்கு அது செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, இதுபோன்ற மென்பொருளுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடுங்கள்.

கேட்டவர்:
அதைத்தான் போட்டிருக்கிறேன் அண்ணன். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

பதில் (பாளையங்கோட்டை):
தம்பி, பாஸ்வேர்டை விடுங்கள். அது தப்பாக இருந்தால் 535 வரும். 530 என்றால் உங்கள் சர்வர் பாஸ்வேர்டைக் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு ஃபைலில், பாஸ்வேர்டோடு உள்நுழையச் சொல்லும் ‘எஸ்எம்டிபி சாஸில் ஆத் எனேபிள்’ வரியில் ‘யெஸ்’ இருக்கிறதா? பெயரில் எஸ்எம்டிபிக்குப் பின்னால் ஒரு ‘டி’ சேர்ந்திருந்தால் அது உள்ளே வரும் மெயிலுக்கானது. வெளியே அனுப்ப உதவாது. அப்புறம், எந்த சர்வர் வழியாக அனுப்புவது என்று சொல்லும் ரிலேஹோஸ்ட் வரியையும் பாஸ்வேர்டு ஃபைலின் முதல் சொல்லையும் அப்படியே சொல்லுங்கள்.

கேட்டவர்:
‘யெஸ்’ இருக்கிறது, கூடுதல் ‘டி’ இல்லை. ரிலேஹோஸ்டில் சர்வர் பெயர் சதுர அடைப்புக்குள், பிறகு முக்காற்புள்ளி, 587. ஃபைலிலும் அதேதான், அடைப்பு மட்டும் இல்லை.

பதில் (பாளையங்கோட்டை):
அதுதான் கோளாறு. ரிலேஹோஸ்டில் எப்படி எழுதினீர்களோ, அடைப்பும் போர்ட்டும் உட்பட ஃபைலிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், பாஸ்வேர்டு இல்லாமலேயே பேசப் போய்விடும். இதற்கு லாகில் எச்சரிக்கைகூட வராது, அதனால்தான் ஆட்கள் நாள்கணக்கில் அலைகிறார்கள். அந்த அடைப்பை எடுத்துவிடாதீர்கள். எம்எக்ஸ் (அந்தப் பெயருக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் பதிவு) தேடாமல் நேரே அந்த சர்வருக்கே போகச் சொல்வது அதுதான்.

திருத்தியதும், அந்த ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் டிபி ஃபைலாக மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். ஃபைலை மாற்றிவிட்டு இதை மறந்தால் பழைய தரவுதான் படிக்கப்படும். பிறகு போஸ்ட்மேப்பை ‘-க்யூ’ போட்டு, ரிலேஹோஸ்டில் உள்ளதை அப்படியே கொடுத்துக் கேளுங்கள். பாஸ்வேர்டு திரையில் வந்தால் சரி. ஃபைலுக்கும் அதிலிருந்து உருவான டிபி ஃபைலுக்கும் 600 அனுமதி வையுங்கள். ரூட் தவிர யாரும் படிக்கக் கூடாது. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ்ஸின் நிலை ‘என்கிரிப்ட்’ என்று இருக்கட்டும்.

அடுத்து ‘நோ மெக்கானிசம் அவெய்லபிள்’ (உள்நுழையும் முறை எதுவும் இல்லை) என்று வந்தால் பயப்படாதீர்கள், லிப்சாஸில்2-மாட்யூல்ஸ் பேக்கேஜை நிறுவினால் போதும்.

கேட்டவர்:
போய்விட்டது அண்ணாச்சி! அந்த மாட்யூல்ஸும் இல்லைதான், நிறுவினேன். பழைய ஆறு பில்லும் அனுப்பக் காத்திருக்கும் க்யூவில் இருக்குமா?

பதில் (பாளையங்கோட்டை):
இருக்காது. 5-இல் தொடங்கும் பிழை நிரந்தர மறுப்பு. மெயில் உடனே திரும்பிவிடும். ஆறையும் மறுபடி அனுப்புங்கள். அனுப்பும் முன், ஜிமெயில் அமைப்பில் ‘செண்ட் மெயில் ஆஸ்’ பகுதியில் கடையின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பில் உங்கள் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்ததாகத்தான் வாடிக்கையாளருக்குத் தெரியும்.

கேட்டவர்:
சேர்த்துவிட்டேன். ஆறும் போய்ச் சேர்ந்தது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.