பாறசாலையில் பின்னால் வந்து இடித்த கார். ஏழு வாரமாகக் கழுத்து வலி. இழப்பீடு கேட்க வழி உண்டா?

அருமனை_ரப்பர் கேட்டது:
மச்சினனுக்கு 38 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஏழு வாரம் முன்பு கேரளத்துப் பாறசாலையில் பைக்கை நிறுத்தி நின்றபோது பின்னால் வந்த கார் இடித்தது. விழவில்லை, ரத்தக் காயமும் இல்லை. கார்க்காரர் 5,000 ரூபாய் ஜிபே பண்ணிவிட்டுப் போய்விட்டார். போலீசில் புகார் கொடுக்கவில்லை. மறுநாள்தான் கழுத்து பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ஓபி சீட்டில் "கழுத்து வலி" என்று மட்டும் இருக்கிறது. பிறகு ஆசானிடம் (நாட்டு வைத்தியர்) தைலம் போட்டு உழிச்சல் (உருவித் தேய்ப்பது). அன்றிலிருந்து கழுத்துக் காலர் கழற்றவே இல்லை. இப்போது வலது கை கட்டைவிரல் மரத்துப்போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை. இனி இழப்பீடு கேட்க முடியுமா? கேட்டாலும் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே?

கழுத்து_பிசியோ:
எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். பின்னாலிருந்து இடிக்கும்போது உடம்பு முன்னே தள்ளப்படும், தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னால் வீசப்படும். கிழிவதும் இழுபடுவதும் தசைநார்கள், தசைகள், சில நேரம் கழுத்து எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள். வீக்கம் ஏற நேரம் எடுப்பதால் வலி மறுநாள் தொடங்குவது சாதாரணம். "அன்றைக்கே வலிக்கவில்லை, ஆகவே பொய்" என்று யாராவது சொன்னால் அது மருத்துவம் அல்ல.

கட்டைவிரல் மரப்புதான் எனக்குக் கவலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்வு தருவது ஆறாவது கழுத்து நரம்பு. ஐந்தாவது, ஆறாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள சி5-சி6 வட்டு பிதுங்கினால் அழுந்துவது அதுதான். நடுவிரல் மரத்தால் ஏழாவது நரம்பு. எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ தேவையா என்று கேளுங்கள். கைப்பிடி தளர்வது, நடக்கும்போது கால் தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உழிச்சலை இப்போதே நிறுத்துங்கள். நம்ம ஊர் ஆசான்மார் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் நரம்பு அழுந்தியிருக்கும்போது கழுத்தைச் சொடக்கு எடுத்தால் கை செயலிழக்கவும் வாய்ப்பு உண்டு. காலர் சில நாளைக்கு மேல் கூடாது. ஏழு வாரம் போட்டால் தசை மெலிந்து, காலரைக் கழற்றியதும் வலி கூடும். மருத்துவர் பார்த்த பிறகு அவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, மெதுவான அசைவுப் பயிற்சி தொடங்குங்கள்.

பிசியோவிடம் ஒவ்வொரு முறையும் கழுத்து எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். சராசரி மனிதர் பக்கவாட்டில் சுமார் 80 டிகிரி திருப்புவார். "அவருக்கு 45தான்" என்று தேதியோடு நாலு பதிவு இருந்தால், "வலி இருக்கிறது" என்ற வாக்கியத்தைவிட அதற்கு எடை அதிகம்.

குழித்துறை_குமாஸ்தா:
முடியும், ஆனால் நாளை எண்ணுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-இன்படி விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வரம்பு. ஊனச் சான்று வரட்டும் என்று காத்திருந்துதான் பலர் நாளைக் கோட்டை விடுகிறார்கள். மனு முதலில், சான்று பிறகு. வழக்கு நடக்கும்போது தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்.

விபத்து கேரளத்தில் நடந்தாலும் மனுவை அங்கே போட வேண்டியதில்லை. 166(2) படி மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். அருமனைக்குக் குழித்துறைதான் பக்கம். ஆனால் எஃப்.ஐ.ஆர், மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), வண்டிப் பரிசோதனை அறிக்கை எல்லாம் மலையாளத்தில் வரும். தமிழ் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்காவிட்டால் வாய்தாதான் மிச்சம்.

முதல் வேலை புகார். நேராகப் பாறசாலை ஸ்டேஷன் போவது வேகம். பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173 படி எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், ஆனால் இங்கே கொடுத்தால் அங்கே மாற்றுவதற்கே நாள் போகும். ஏழு வாரத் தாமதம் ஏன் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்: முதலில் சுளுக்கு என்று நினைத்தோம், மரப்பு வந்த பிறகே தீவிரம் தெரிந்தது. காரணம் நம்பும்படி இருந்தால், தாமதத்தை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது.

அந்த 5,000 உங்களுக்குச் சாதகம். ஜிபே பதிவில் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் எல்லாம் இருக்கும், அச்சடித்து வையுங்கள். வாங்கியதை மறைக்காமல் மனுவில் சொல்லுங்கள். பைக்கின் பின்விளக்கு, மட்கார்டு உடைந்திருந்தால் படம் எடுத்த பிறகே பழுது பாருங்கள்.

பழைய ஓபி சீட்டில் எதையும் சேர்த்து எழுதாதீர்கள், யாரையும் எழுத வைக்காதீர்கள். ஒரு மை வித்தியாசம் போதும், முழு வழக்கும் சாயும். புதிய மருத்துவரிடம் விபத்துத் தேதியையும் "பின்னாலிருந்து இடித்தது" என்பதையும் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ-யில் தேய்மானம் என்று வந்தால், காரின் காப்பீட்டுக்காரர் "இது பழைய நோய்" என்பார். விபத்துக்கு முன்பு ஒருநாள் விடாமல் வேலை செய்தார், பின்பு முடியவில்லை என்பதுதான் அதற்குப் பதில். அதற்கும் சாட்சி வேண்டும்.

அருமனை_ரப்பர்:
வேலைக்கும் வருமானத்துக்கும் சாட்சி எப்படி? கூலி கையில்தான் வாங்குகிறார்.

குழித்துறை_குமாஸ்தா:
தோட்டக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு சான்று வாங்குங்கள்: எத்தனை மரம், மாதம் எத்தனை நாள், என்ன கூலி. அவரே நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நலவாரிய அட்டை இருந்தால் தொழிலுக்கு ஆதாரம்.

தொகையைத் தீர்மானிப்பது ஊனச் சான்றில் உள்ள சதவீதம் மட்டும் அல்ல, அந்தக் குறையால் அவருடைய தொழில் எவ்வளவு கெட்டது என்பதும்தான். ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வருமானம் 15,000 என்று ஏற்றால், 40 வயதுக்குக் கீழ் சுயதொழில் அல்லது நிலைக்கூலி என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; 38 வயதுக்கு அந்தப் பெருக்கி 15. தொழில் இழப்பு 10 சதவீதம் என்று முடிவானால் 21,000 × 12 × 15 × 10% = 3,78,000. சிகிச்சைச் செலவு, வேலை இழந்த மாதங்கள், வலி வேதனை எல்லாம் தனி. பில் இல்லாத உழிச்சலுக்கு ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

கழுத்து_பிசியோ:
அந்த 10 சதவீதம் 20 ஆவதும் 5 ஆவதும் மருத்துவர் சாட்சியில் இருக்கிறது. மேல்வெட்டு மரத்தில் (தலைக்கு மேலே உயரத்தில் பட்டை வெட்டும் மரம்) தலையை அண்ணாந்து, பட்டையைப் பார்த்தபடி சுற்றி வர வேண்டும். அண்ணாக்கும்போது நரம்பு வெளிவரும் துளை சுருங்கும், மரப்பு கூடும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவதால் தலைப்பாரம் வேறு. பட்டை வெட்டாத மருத்துவருக்கு இது தெரியாது. வேலை செய்யும் நிலையை ஒரு நிமிட வீடியோ எடுத்து, பரிசோதனைக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள்.

குழித்துறை_குமாஸ்தா:
இன்னொன்று. காப்பீட்டுத் தரப்பிலிருந்து யாராவது சமரசத் தொகை சொல்லி வவுச்சரில் கையெழுத்து கேட்டால், எம்.ஆர்.ஐ முடிவு வரும்வரை போடாதீர்கள். வக்கீல் செலவு கஷ்டம் என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீல் இலவசம். பாறசாலைக்கு இந்த வாரமே போங்கள்.