கார் கதவில் மோதி விழுந்தேன், சக்கரத்தை மாற்றலாமா?

கேள்வி:
நேற்று சைக்கிளில் வரும்போது, நின்றிருந்த காரின் கதவைச் சட்டெனத் திறந்துவிட்டார்கள். முன் சக்கரம் கோணிவிட்டது, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இழப்பீடு கேட்கப் போகிறேன். அதற்குள் சக்கரத்தை மாற்றிவிடலாமா? வேலைக்குப் போக வேறு வண்டி இல்லை.

பதில் 1:
முதலில் கையைப் பாருங்கள். கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழும்; அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் அங்குள்ள சின்ன மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம்; அந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எனக்கு 10 நாள் கழித்துத்தான் தெரிந்தது. மருத்துவர் சீட்டில் விபத்துத் தேதி இருக்கட்டும்.

பதில் 2:
சக்கரத்தைப் படமெடுத்த பிறகு மாற்றுங்கள், பழையதையும் ரசீதையும் வைத்திருங்கள். கார் எண், பார்த்தவரின் தொலைபேசி எண் வாங்கினீர்களா? தலை இடித்திருந்தால் அந்த ஹெல்மெட்டை இனி போடாதீர்கள், உள்நுரை நசுங்கியிருக்கும். சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
கார் எண் இருக்கிறது. குழியில் அழுத்தினால் உயிர் போகிறது. இப்போதே கிளம்புகிறேன்.