ஆசான் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?

தூத்தூர் மஞ்சள்:
ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் ஆடும் நம் கேரளா பிளாஸ்டர்ஸ், பயிற்சியாளர் ஸ்டாரேயை இன்று (2024 டிசம்பர் 16) அனுப்பிவிட்டார்கள். 12 ஆட்டம், 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி, பத்தாவது இடம். அந்த சுவீடன்காரரைக் கூட்டி வந்த அன்றே சொன்னேன், முந்தைய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சை விட்டது தப்பு என்று. அவரை 'ஆசான்' என்று சும்மாவா கூப்பிட்டார்கள்? நம் குமரிப் பக்கம் வர்மமும் அடிமுறையும் சொல்லித் தருகிறவருக்குத்தான் அந்தப் பேர். 2016க்கு அப்புறம் பிளே-ஆஃப் (லீக் முடிந்தபின் கோப்பைக்கு நடக்கும் சுற்று) பக்கமே எட்டிப் பார்க்காத அணியை மூன்று சீசனும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

கொல்லங்கோடு டிஃபன்ஸ்:
மக்கா, கணக்கைப் பாதியில் மூடாதே. 2023-24ல் டிசம்பர் இடைவேளை வரை 12 ஆட்டத்தில் 26 புள்ளி, முதலிடம். சரி, மிச்சம் 10 ஆட்டத்தில் எவ்வளவு? வெறும் 7. நீ திட்டுகிற ஸ்டாரே 12 ஆட்டத்தில் 11 எடுத்திருக்கிறார். ஆசான் விட்டுப்போன இடத்திலிருந்துதான் இவர் தொடங்கினார்.

தூத்தூர் மஞ்சள்:
அந்த சீசன் பாதியில் கேப்டன் லூனாவுக்கு முட்டி போச்சு, பெப்ராவும் காயத்தால் வெளியே. அதைச் சொல்ல மாட்டீர்களே அண்ணா?

கொல்லங்கோடு டிஃபன்ஸ்:
ஸ்டாரேக்கு மட்டும் என்ன கொடுத்தார்கள்? முந்தைய சீசனில் 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஜீக்சனும் அங்கேயே. முன்களத்துக்கு நோவாவும் ஹிமெனெஸும் வந்தார்கள், நல்ல ஆட்கள்தான். நடுக்களத்தில் ஜீக்சன் விட்ட இடத்தை யார் அடைத்தது?

இரவிபுத்தன்துறை கோலி:
ரெண்டு பேரும் கோல் போஸ்ட்டைப் பார்க்காமலேயே சண்டை போடுகிறீர்கள். 12 ஆட்டத்தில் அடித்தது 19, வாங்கியது 24. கோவாவிடம் தோற்ற ஆட்டம் தவிர எல்லாவற்றிலும் கோல் அடித்திருக்கிறோம். கோல் வாங்காத ஆட்டம் ஒன்றே ஒன்று, சென்னையின் எஃப்சிக்கு எதிராக. ஸ்டாரே ஆட்களை மேலே ஏற்றி பந்தைப் பறிக்கச் சொன்னார். அது தப்பில்லை, 2009ல் ஏஐகே-யோடு சுவீடன் லீக்கை ஜெயித்தவர். ஆனால் மேலே ஏறினால் பின்னால் காலியாகும். அந்தக் காலி இடத்துக்கு ஓடி வந்து பந்தைத் தட்டிவிட கோலி (கோல் கீப்பர்) வேண்டும். நம் பையன்கள் ஒரு அடி முன்னே வைத்து, ஒரு அடி பின்னே வைத்து, கடைசியில் ரெண்டுங்கெட்டான் இடத்தில் நிற்கிறார்கள். மணலில் நின்று பழகியவனுக்குத் தெரியும், அந்த அரை நொடி தயங்கினால் பந்து வலைக்குள் கிடக்கும். ஆசானின் முதல் சீசனில் இப்படி மேலே ஏறவில்லை. லெஸ்கோவிச்சும் ஹோர்மிபாமும் கீழேயே நின்றார்கள், முன்னே வாஸ்கெஸும் டியாஸும் ஓடினார்கள்.

நாகர்கோவில் நீலம்:
நான் சென்னையின் எஃப்சி ரசிகன். ஸ்டாரேயின் கடைசி வெற்றி எங்கள் மேல், 3-0. அவர் போனதில் எனக்குத்தான் அதிக நிம்மதி.

கொல்லங்கோடு டிஃபன்ஸ்:
2023 மார்ச்சில் பெங்களூருவில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கை மறந்துவிட்டீர்களா? சுவர் அமைத்து முடிக்குமுன் பந்து உள்ளே. சரி, கோபம் வரும். அதற்காக ஆசான் அணியையே மைதானத்தை விட்டுக் கூட்டிப் போவதா? அவருக்கு 10 ஆட்டத் தடை, கிளப்புக்கு 4 கோடி அபராதம். அந்தக் காசில் நல்ல ஆட்களை எடுத்திருக்கலாம்.

தூத்தூர் மஞ்சள்:
அண்ணா, அன்றைக்குத்தான் அவர் எங்கள் ஆள் ஆனார். ஊரில் சின்ன டோர்னமென்ட்டில்கூட நடுவர் கோளாறு பண்ணினால் டீமைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறவரைத்தான் மேனேஜர் என்போம். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022 ஐஎஸ்எல் ஃபைனலை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் கிளப் முன்னால் வேட்டியைக் கட்டி புரொஜெக்டரில் போட்டோம், கடல் காத்தில் வேட்டி ஆட ஆட ஆட்டக்காரர்களும் ஆடினார்கள். 88வது நிமிஷத்தில் ஹைதராபாத் சமன். பெனால்டியில் நம் நிஷு அடித்ததை அவர்கள் கோலி கட்டிமணி பிடித்தார், நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னார், அதையும் பிடித்தார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஸ்டாரே காலத்தில் மோகன் பகானிடம் 95வது நிமிஷத்தில் கோல் வாங்கியபோது எங்கள் கிளப்பில் மூன்று பேர்தான் மிச்சம் இருந்தோம். அந்த வித்தியாசத்தைப் புள்ளியில் எப்படி அண்ணா போடுவது?

கொல்லங்கோடு டிஃபன்ஸ்:
போட முடியாது. அதனால்தான் சொல்கிறேன், நீ பயிற்சியாளரைப் பற்றிப் பேசவில்லை, பாசத்தைப் பற்றிப் பேசுகிறாய். பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஆள் எடுக்கிறவர்களை ஒருத்தரும் கேட்பதில்லை.

இரவிபுத்தன்துறை கோலி:
அதில் நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சிதான் ஓய்.

தூத்தூர் மஞ்சள்:
ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் முகமதன் அணியோடு ஆட்டம். இடைக்காலப் பயிற்சியாளர் புருஷோத்தமன் என்ன செய்கிறார் என்று நேரில் பார்க்கப் போகிறேன். குழித்துறையில் ரயில் ஏறுகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். கோலி அண்ணா, நீங்களும்தான். கொல்லங்கோட்டு அண்ணா வந்தால் மஞ்சள் சட்டை நான் தருகிறேன்.

கொல்லங்கோடு டிஃபன்ஸ்:
சட்டை என்னிடமே இருக்கு. முதுகில் லூனா.