‘வாரிசுத் திட்டமிடல்’ வேண்டாம், ‘பின்னவர் ஏற்பாடு’ என்போம்

அண்ணாச்சி, வணக்கம்.

நிறுவனத்தில் ஒரு பொறுப்பில் இருப்பவருக்கு அடுத்து வரவேண்டியவரை முன்கூட்டியே தயார்செய்வதை ஆங்கிலத்தில் ‘சக்சஷன் பிளானிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘வாரிசுத் திட்டமிடல்’ எனக்கு ஒப்பவில்லை. நேற்று அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “யாரு தவறிட்டா?” என்றாள். எங்கள் பக்கம் வாரிசு என்றால் தாலுகா ஆபீசில் வாங்கும் சான்றிதழ்தான். பெரிய நிறுவனத்தின் அடுத்த தலைவருக்கு ரத்த உறவு எதற்கு?

நம் மண்ணிலேயே வேறு வழக்கம் இருந்திருக்கிறது. சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்தில் அடுத்து வரவேண்டியவரை முன்கூட்டியே தேர்ந்து ‘சின்னப்பட்டம்’ ஆக்குவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர் இங்கே நெல்லைப் பக்கம் கல்லிடைக்குறிச்சி மடத்தில் இருந்தார். அழகான சொல்தான், ஆனால் கம்பெனிக்குப் பொருந்தாது. பட்டம் என்றால் இன்று பி.காம். நினைவுக்கு வந்துவிடும்.

அதனால் ‘பின்னவர்’ என்கிறேன். முன்னவர், பின்னவர் என்று இணையாக நிற்கும். ஏற்பாட்டுக்குப் ‘பின்னவர் ஏற்பாடு’. தயாராகிவரும் ஆட்களின் வரிசையை, ஆங்கிலத்தின் ‘பைப்லைன்’ என்பதை, ‘குழாய்’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். அதற்கு ‘நாற்றங்கால்’ போதும். பிசானப் பருவ நெல் நடவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே நாற்றுப் பாவுகிறோமே, அதே வேலைதான்.

அப்புறம், செயற்கை நுண்ணறிவு சேரும் இடம். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் பணி மதிப்பீடு, பயிற்சி, பார்த்த பொறுப்புகள் எல்லாவற்றையும் அலசி, இந்த நாற்காலிக்கு இன்னார் பொருந்தலாம், இவருக்கு இன்ன அனுபவம் குறைகிறது என்று அது காட்டும். இதை நீங்கள் ‘தெரிவு’ என்கிறீர்கள். ‘தேடல்’ என்றே இருக்கட்டும், மன்றாடிக் கேட்கிறேன். அமேசான் சோதித்துப் பார்த்த ஆளெடுப்பு நிரல் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது என்பது 2018இல் வெளிவந்தது. அது படித்த பத்தாண்டு விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதையே தகுதி என்று கற்றுக்கொண்டது. நேற்று நாற்காலியில் இருந்தவரின் சாயலையே நாளைக்கும் தேடும் பொறியிடம் ‘தெரிவு’ என்ற சொல்லைக் கொடுக்கலாமா? தெரிவு மனிதர்களின் பொறுப்பு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் இந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2015 விதிமுறைகள் இயக்குநர் குழுவிடம்தான் வைத்திருக்கின்றன.

ஆகவே, ‘செயற்கை நுண்ணறிவுவழிப் பின்னவர் தேடல்’. நீளம்தான், சரி. ‘பின்னவர் தேடல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘பின்னோர்’ என்று பன்மையில் எழுதலாமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். எனக்கு அது சந்ததியாரைக் குறிப்பதுபோல் படுகிறது.