செத்த பற்றரியும் கன்னாதிட்டி வாளும்

கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 5 கொம்பியூட்டர் ஒன்றை மச்சான் இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பினான். 1994 இல் சன் நிறுவனம் வெளியிட்ட மாடல். போட்டவுடன் விசிறி சுற்றியது, திரையும் வந்தது. ஆனால் ஐடிபுரோம் (பெட்டியின் அடையாள விவரம்) செல்லாது என்று ஒரு வரி. நெட்வேர்க்கில் பெட்டியை அடையாளம் காட்டும் ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப், எஃப், எஃப்.

போர்டு போய்விட்டது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே எம்48டி08 என்று 28 கால் சிப் ஒன்று இருக்கும். நேரம், முகவரி, எந்த டிஸ்க்கிலிருந்து எழும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். அதற்கான லித்தியம் பற்றரியையும் சிப்புக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். பற்றரி பத்துப் பதினைந்து வருடத்தில் இறங்கிவிடும், கழற்றி மாற்றவும் வழியில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஊருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

கன்னாதிட்டியில் நகை வேலை செய்யும் அண்ணையிடம் மெல்லிய வாள் ஒன்று கேட்டேன். "என்ன தம்பி, கொம்பியூட்டருக்குத் தாலி செய்யப் போறியோ?" என்றார். சிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவ, பற்றரிக்குப் போகும் இரண்டு உலோகத் துண்டுகள் மினுங்கின. பழைய பற்றரிக்குப் போகும் தொடுப்பை முதலில் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதையும் அது உறிஞ்சிவிடும். பிளஸ் மைனஸை மீற்றரில் பார்த்து, சிஆர்2032 போடும் கூடு ஒன்றைச் சோல்டர் பண்ணினேன்.

ஒரு மடைத்தனம் செய்தேன். சிப்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில்தான் பழைய முகவரிக்கான குறிப்பு இருந்தது. அதோடு சேர்த்தே அராவிவிட்டேன். நீங்கள் முதலில் போட்டோ எடுங்கள்.

சரி, திரையில் ஓகே என்று காட்டும் இடத்தில், சிப்பில் எழுதும் எம்கேபி கட்டளையால் ஒவ்வொரு பைட்டாகக் கொடுத்தேன். சன்னின் முகவரி 8, 0, 20 என்று தொடங்கும். மிச்ச மூன்றும் என் கற்பனை. வீட்டில் வேறு சன் இல்லை, அதனால் மோதாது. அடையாள விவரத்தின் கடைசிப் பைட், அதற்கு முன்னுள்ள 15 பைட்டுகளின் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறானால் 1 போடும் கணக்கு). அதில் பிழைவிட்டுத்தான் இரண்டு இரவு போனது.

வாசகர் ஒருவரின் மறுமொழி: எனக்குத் திரையே வரவில்லை, அண்ணை. மொனிட்டரில் குறை, பிறகு 13டபிள்யூ3 (சன்னின் மொனிட்டர் பிளக்) அடப்டரில் குறை என்று அலைந்தேன். அந்தப் பிளக் எஸ்ஜிஐ என்ற வேறு நிறுவனத்தின் பெட்டிகளிலும் உண்டு, உள் வயரிங் மட்டும் வேறு. கடைசியில் பார்த்தால் குற்றம் கீபோர்டில். கீபோர்டு இல்லாவிட்டால் சன் பெட்டி திரையை விட்டுவிட்டு சீரியல் போர்ட்டில் 9600 வேகத்தில் பேசத் தொடங்கிவிடும். லப்டொப்பை அதில் கொழுவினேன், எல்லாம் எழுத்தாக ஓடியது. சாதாரண பிஎஸ்2 கீபோர்டு சரிவராது. சன்னுக்கு 8 முள். யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கமென்றால் இன்றைக்கே வந்து எடுப்பேன்.